உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள்

இலங்கை மலைநாட்டில் அப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்ன வரைக்கும் மலைமுகட்டோடு நாலு பேராக நடந்தோம். ஒரு இரவு புல்வெளியில் கூடாரம். வழியில் ஒரு தோட்டத்து நாய் கூடவே வந்துவிட்டது. ராத்திரி முழுக்க என் கால்மாட்டில்தான் படுத்துக் கிடந்தது. அட்டைக்குப் பயந்து உப்பும் சவர்க்காரமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். உண்ணியைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பே வரவில்லை.

வீடு திரும்பி எட்டாம் நாள் காய்ச்சல் அடித்தது. தலை பிளக்கிற வலி. முழங்கால், மணிக்கட்டு எல்லாம் நொந்தது. டெங்கு என்றுதான் பயந்தோம். முதலில் பார்த்த இடத்தில் அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார்கள். டெங்குப் பரிசோதனையில் இல்லையென்று வந்ததும் அம்மாவுக்கு நிம்மதி, ஆனால் காய்ச்சல் இறங்கவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் கஞ்சி கொடுக்க வந்த அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். உள்ளங்காலிலும் இருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு வாரத்துக்குள்ள காட்டுப்பக்கம், புல்லுக்குள்ள எங்கயாவது போனீங்களா தம்பி?" அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்து நாள் வீணானது அதனால்தான்.

உண்ணி கடித்து வரும் ரிக்கெட்சியாக் காய்ச்சல் என்றார். நம் மலைநாட்டில் அதிகம் காண்பது புள்ளி போடுகிற இந்த வகைதானாம். கிருமி நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வதால் அமொக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. இரத்தத்தை இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை எடுத்துப் பார்த்தால்தான் பரிசோதனை உறுதியாகும். அதுவரை காத்திருந்தால் நுரையீரல், மூளை வரைக்கும் போய்விடலாம். அதனால் அன்றைக்கே டொக்சிசைக்கிளின் தொடங்கினார், 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. இரண்டாம் நாள் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. அன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மரக்கறித் தோட்டக்கார ஐயா, எலிக்காய்ச்சல். கண் சிவந்து, கெண்டைக்கால் வலி தாங்காமல் முனகிக்கொண்டிருந்தார். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் காலில் புண்ணோடு இறங்கியிருக்கிறார். எனக்குத் திக்கென்றது. எங்களில் ஒருவன் குதிகாலில் கொப்புளம் உடைந்த காலோடு ஓடையைக் கடந்திருந்தான். உடனே அவனுக்கு ஃபோன் போட்டு, ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஓடையைப் பற்றிக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். நல்லவேளை, ஒன்றும் வரவில்லை.

அடுத்த பயணத்துக்கு முன் எங்கள் பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் போய்ப் பேசினோம். வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க வாரம் ஒருமுறை டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள். அதை நாமாக வாங்கிப் போடக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது, டாக்டரைக் கேளுங்கள் என்றார். புண்ணை நீர் புகாத பிளாஸ்டர் போட்டு மூடச் சொன்னார். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடித்தோம். அரிசி, பிஸ்கட் எல்லாம் மூடி இறுகிய டின்னில். ஆளில்லாத பழைய லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) படுக்கலாம் என்று ஒருவன் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூலையெல்லாம் எலிப் புழுக்கை.

உண்ணிக்கு வெளிர்நிறக் காற்சட்டை, அதன் நுனி காலுறைக்குள். கறுப்பில் உண்ணி ஊர்ந்தால் தெரியாது. வெளியே தெரியும் தோலில் டீட் (DEET) என்ற இரசாயனம் கலந்த பூச்சிவிரட்டி. மாலையில் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தோம்: காதின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டி, முழங்கால் மடிப்பு. தொடையிடுக்கை அவரவர் பார்த்துக்கொண்டோம்.

என் தம்பியின் முழங்கால் மடிப்பில் ஒன்று ஒட்டியிருந்தது, எள்ளளவுதான். "மண்ணெண்ணெய் வச்சா விட்டுடும்ணே" என்றான். அதெல்லாம் செய்யக் கூடாது. கூர்முனைச் சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக இழுத்தேன். முழுதாக வந்தது. இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேதியை அவன் ஃபோனில் குறித்து வைத்தோம். இரண்டு வாரம் வரைக்கும் தினமும் காலையில் அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.