பதினோராவது தாளில் தெளிந்த கடற்பாசி

நேற்று மதியம் கழுவிய சயனோடைப் தாளில் பாசியின் கடைசிக் கிளைநுனிகூடப் பளிச்சென்று வெள்ளையாக விழுந்துவிட்டது! இரும்பு உப்புப் பூசிய தாளில் ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டி, நீரில் கழுவி நீலப் படம் எடுப்பதுதான் சயனோடைப்; பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். மூன்று மாதங்களில் பத்துத் தாள்கள் வீணான பிறகு கிடைத்தது இது. தொட்டியில் நீர் அசைய, நீலத்துக்குள் பாசி மிதப்பதுபோலவே இருந்தது. வெகுநேரம் தாளை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

தாளில் பூசும் இரும்பு உப்புக் கலவையின் விகிதம் எனக்குத் தொல்லை தரவில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது உலர்த்தல். சிங்கப்பூர்க் காற்றில் பூசிய தாள் தொட்டால் காய்ந்திருக்கும். நாருக்குள் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் இரும்பு உப்பு வெயில் படுமுன்பே மாறத் தொடங்கிவிடும். கழுவினால் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் அழுக்கு நீலம். இப்போது இரவில் சாமான் அறையில் மங்கிய மஞ்சள் விளக்கின் கீழ் பூசுகிறேன். அரை மணி நேரம் மின்விசிறி, பிறகு விடியும்வரை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட டப்பா. பூசும்போது நாகஸ்வரத்தில் நீலாம்பரி ஒலிக்கும். தூரிகையும் அந்த நிதானத்துக்கு வந்துவிடுவதால் பூச்சில் வரி விழுவதில்லை.

பாசியின் ஈரமும் லேசுப்பட்டதல்ல. கடற்கரையில் உயிருள்ள எதையும் நான் பறிப்பதில்லை. கேலாங் சிராய் சந்தையில் உலர்ந்த கடற்பாசி வாங்கி, ஊறவைத்து, கிளைகளை ஊசியால் பிரித்து, பழைய தமிழ் முரசு நாளிதழ்த் தாள்களுக்கிடையே இரண்டு நாள் அழுத்துகிறேன். காலையும் மாலையும் தாளை மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்றத் தவறியதில் ஒன்பதாவது பிரதி முழுக்கக் கறை.

தாள் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: சுண்ணாம்பு சேர்த்த தாள் வேண்டாம். காரம் பட்டால் இந்த நீலம் வெளுத்துவிடும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் கேட்டு வாங்கிய பிறகே எனக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது.

1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் பிரிட்டன் கடற்பாசிகளை இப்படிப் பதித்து வெளியிடத் தொடங்கினார். பாசி வைத்த தாளை வெயிலில் காட்ட, இங்கே உச்சிப் பொழுதில் எனக்கு ஏழு நிமிடம் போதுமாயிற்று. மேகம் வந்தால் கடிகாரத்தை நம்ப முடியாது. தாளின் ஓரம் வெண்கலச் சாம்பல் நிறத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஈஸ்ட் கோஸ்ட் கடல் பெரும்பாலும் பச்சை கலந்த சாம்பல்தான். அடுத்து அந்தச் சாம்பலைப் பிடிக்க வேண்டும்: நீலத்தைச் சற்று வெளுக்கவைத்துத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போடலாம் என்றிருக்கிறேன். துணியிலும் பதித்துப் பார்க்க வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்றும் எடுத்து வைத்தாயிற்று. ஆனால் டப்பாவில் இன்னும் நான்கு தாள்கள் காத்திருக்கின்றன, சிலிக்கா மணிகளோ ஈரம் குடித்து நிறம் மாறிவிட்டன. இன்றிரவு முதலில் அந்த மணிகளை வறுத்தெடுக்க வேண்டும்.