மூன்று பேர் போன பைக்கில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்?

புதுச்சேரியில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். இருபது வருடம் தாண்டிவிட்டது. இத்தனை வருடம் டபுள் கன்ட்ரோல் காரின் இடது சீட்டில் பிரேக் மேல் காலை வைத்தே உட்கார்ந்ததில், வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட எதிரில் லாரி வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மனைவிக்கு இது பெரிய வேடிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பயிற்சிக்கு வரும் பையன் ஒருவனுடைய அப்பா போன் செய்தார். "மாஸ்டர், ஒரு சின்ன உதவி" என்று ஆரம்பித்தார். சின்ன உதவி என்று ஆரம்பிக்கும் எதுவும் சின்னதாக இருந்ததில்லை.

பையனுக்கு எல்.எல்.ஆர்., அதாவது வண்டி பழகுவதற்கான தற்காலிக லைசென்ஸ், வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அப்பாவுடைய பைக்கை எடுத்துக்கொண்டு, பின்னால் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோவில் தாண்டிக் கடலூர் சில்வர் பீச்சுக்குக் கிளம்பியிருக்கிறான். கடலூர்ப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இவர்கள் பாவம், எதிர்த் திசையில் கடல் பார்க்கப் போனவர்கள். முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். மூன்று பேருக்கு ஒரே ஹெல்மெட், அதுவும் கண்ணாடியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எல் போர்டு கிடையாது. லைசென்ஸ் உள்ளவர் யாரும் கூட இல்லை.

"எல்.எல்.ஆர்.தான் இருக்கே மாஸ்டர். நீங்க கூட இருந்து கத்துக்கொடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா லைசென்ஸ் கேஸ் போயிடும்."

"சார், பைக்ல ஏற்கெனவே மூணு பேரு. நான் எங்க உட்கார்ந்திருந்தேன்னு சொல்றது? டேங்க் மேலயா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் போனை வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்.எல்.ஆர். என்றால் பாதி லைசென்ஸ் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அது நிபந்தனையோடு கொடுக்கும் அனுமதி. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்றாவது விதி இதைத்தான் சொல்கிறது: அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், கூட உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல், 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல். பைக் என்றால் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது. (பைக்கின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படி பிரேக் பிடிப்பது என்று கேட்காதீர்கள். விதி எழுதினவர் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்பது எனக்கும் சந்தேகம்தான்.) நிபந்தனையை மீறினால் எல்.எல்.ஆர். தரும் பாதுகாப்பு போய்விடும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்குதான்.

2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய். அப்படிப்பட்டவனிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக 5,000. ஹெல்மெட்டுக்கு 1,000. மூன்று பேர் ஏறியதற்கு 1,000. பத்தொன்பது வயதுப் பையனுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டப் புத்தகத்துக் கணக்கில் 12,000 ரூபாய். ஹெல்மெட்டுக்கும் டிரிபிள்ஸுக்கும் பணத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியிழப்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் பார்த்த வரையில் பணம்தான் வசூலாகிறது.

புதன்கிழமை பையன் வகுப்புக்கு வந்தான். முகத்தில் எந்த வாட்டமும் இல்லை.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு தம்பி?"

"தெரியல சார். அப்பா கட்டிட்டாரு."

இந்த பதில் எனக்கு ரொம்ப நாள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு செய்தவனுக்கு அதன் விலைகூடத் தெரியவில்லை. சலானில் வண்டி நம்பர் இருந்தது, ரசீது அப்பாவுடைய போனில் இருந்தது. அவனிடம் ஒன்றும் இல்லை.

அதே வாரம் எங்கள் தெருவுக்கு ஒரு பிரான்ஸ்காரர் வந்திருந்தார். பிரான்ஸ்காரர் என்றால் நம் ஆள்தான். அப்பா காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸ் புறநகரில் வீடு, பொங்கலுக்குப் பொங்கல் இங்கே வருவார். டீக்கடையில் பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் தன் மகனுடைய கதையைச் சொன்னார்.

அங்கே 1992-லிருந்து லைசென்ஸில் புள்ளிகள் இருக்கின்றன. நிறைய பேர் நினைப்பதுபோல் தப்பு செய்தால் புள்ளி ஏறுவதில்லை, இருப்பிலிருந்து குறையும். முழு லைசென்ஸுக்கு 12 புள்ளி. புதிதாக எடுத்தவனுக்கு 6 மட்டும். தப்பில்லாமல் ஓட்டினால் வருடத்துக்கு இரண்டாக ஏறி மூன்று வருடத்தில் 12 ஆகும். இவர் மகன் லைசென்ஸ் வாங்கி நாலாவது மாதம் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய்விட்டான். 135 யூரோ அபராதம், 4 புள்ளி காலி. மிச்சம் இரண்டு. புதியவன் ஒரே தப்பில் மூன்றோ அதற்கு மேலோ இழந்தால் கைக்காசு போட்டு இரண்டு நாள் வகுப்பில் கட்டாயம் உட்கார வேண்டும்.

"அபராதத்த நான் கட்டிட்டேன். புள்ளிய நான் எப்படிக் கட்டறது?" என்றார். டீ கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் அவன் கையில் போன் இருந்திருந்தால்? போனுக்கு 3. நாலும் மூன்றும் ஏழு. இருப்பு ஆறு. லைசென்ஸே போயிருக்கும், ஆறு மாதம் கழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் பல தப்பு செய்து மாட்டினால் அங்கே எல்லாவற்றையும் கூட்டுவார்கள், ஆனால் 8 புள்ளிக்கு மேல் வெட்ட மாட்டார்கள். ஆறு மட்டும் வைத்திருப்பவனுக்கு அந்த வரம்பால் என்ன பிரயோஜனம்!

இந்த இடத்தில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து வந்தது. அதற்குக் காரணம் இன்னொரு பழைய மாணவி. மஞ்சக்குப்பத்திலிருந்து வந்து என்னிடம் கார் கற்றுக்கொண்ட நர்ஸ். பத்து வருடம் கடலூரில் ஓட்டிவிட்டு இங்கிலாந்து போனார். இந்திய லைசென்ஸை வைத்து அங்கே குடியேறி 12 மாதம் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு அவரும் கற்றுக்கொள்பவர்தான், காரில் எல் ஒட்ட வேண்டும். "பத்து வருஷ டிரைவர் சார் நான், மறுபடியும் எல் போர்டா?" என்று போனில் சிரித்தார். ஆனால் தனியாக ஓட்டத் துணியவில்லை. அங்கே கற்பவருடைய லைசென்ஸிலேயே புள்ளி ஏறும். துணையில்லாமல் ஓட்டினால் 3 முதல் 6. அதனால் இன்சூரன்ஸ் செல்லாமல் போனால் அதற்கு 6 முதல் 8. கற்கும்போது வாங்கிய புள்ளி டெஸ்ட் பாஸானதும் அழிவதில்லை, கூடவே வரும். பாஸான இரண்டு வருடத்துக்குள் புதிதாக ஒரு தப்பு செய்து மொத்தம் ஆறைத் தொட்டால் லைசென்ஸ் ரத்து, மறுபடி எல். 21 வயது தாண்டி, லைசென்ஸ் எடுத்து மூன்று வருடமானவர்தான் பக்கத்தில் உட்காரலாம் என்பதால் கூட வேலை பார்க்கும் அம்மா ஒருவரை உட்கார வைத்துத்தான் பழகினார். "அவங்களும் உங்கள மாதிரியே இல்லாத பிரேக்க மிதிக்கிறாங்க சார்."

ஆனால் அங்கே ஒரே சந்தர்ப்பத்தில் பல தப்பு செய்தால் கோர்ட் பொதுவாக எது பெரிதோ அதன் புள்ளியை மட்டும்தான் ஏற்றும். பிரான்ஸ்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தனித்தனியாக வெட்டினால்தான் புத்தி வரும் என்றார்.

நான் அந்தப் பையனை வைத்து யோசித்தேன். அவன் செய்தது நாலு தப்பா, ஒரு தப்பா? சாவியை எடுத்தபோதே தனியாகத்தான் போகப்போகிறான். நண்பர்கள் இருவரையும் ஏற்றலாம் என்று நினைத்தபோதே ஹெல்மெட் பேச்சு போய்விட்டது. எல் போர்டு மாட்டிக்கொண்டு யார் டிரிபிள்ஸ் போவார்கள்? வீட்டு வாசலில் எடுத்த ஒரே முடிவுதான் எல்லை தாண்டியதும் நாலு பெயரில் எழுதப்பட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் போன் பேசுவதும் அப்படியல்ல, அவை இரண்டு வெவ்வேறு தப்பு. ஆகவே கற்றுக்கொள்கிறவனுக்கு இங்கிலாந்துக் கணக்குதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்த ஒன்று அவன் பெயரில், அவன் கையில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் கூட்டிப் பார்க்கும் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை ஃபெயிலானால் அடுத்த டெஸ்டுக்கு 60 நாள் காத்திருக்க வேண்டும். எட்டுப் போடும்போது கால் ஊன்றியதை எண்ணுகிறோம். ரோட்டில் கற்பவன் என்னென்ன செய்தான் என்பதற்கு எங்களிடம் ஏடு கிடையாது. பயிற்சிப் பள்ளி வைத்திருக்க வேண்டிய ஃபார்ம் 15-ல் எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை தப்பு செய்தான் என்ற கணக்குக்கு அதில் இடமே இல்லை.

சரி, நாமே வைப்போம் என்று நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஆளுக்கு ஒரு பக்கம். இண்டிகேட்டர் போடாவிட்டால் 1. ஸ்டாப் கோட்டைத் தாண்டி நின்றால் 1. போன் எடுத்தால் 3. ஒயிட் டவுனில் ஒரு வழித் தெருவுக்குள் எதிரே நுழைந்தால் 4. ஹெல்மெட் இல்லாமல் வகுப்புக்கு வந்தால் 2. இந்த ஊரில் ஹெல்மெட் விஷயத்தைத் தொடுவதற்குத் தைரியம் வேண்டும். 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடியே தெருவில் இறங்கி வண்டிகளை நிறுத்தியபோது என்ன ரகளை ஆனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆறு புள்ளி சேர்ந்தால் டெஸ்டுக்குத் தேதி போட மாட்டேன், இரண்டு வகுப்பு கூடுதலாக வர வேண்டும், அதற்குப் பணம் வாங்க மாட்டேன். இதுதான் ஏற்பாடு.

முதல் மாதமே இரண்டு பேர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஒரு அம்மா, "நாங்க லைசென்ஸ் வாங்கத்தான் வந்தோம், பரீட்சை எழுத வரல" என்றார். பெட்ரோல் செலவு வேறு. இலவச வகுப்பு என்று வாய் தவறிச் சொன்னதற்கு இரண்டு மாதம் கையைக் கடித்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். போன் கட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். ஒரு வழித் தெருவில் வெளியூர்ப் பிள்ளைகள் மட்டும். ஆனால் ஒரு கட்டம் மட்டும் எல்லாப் பக்கத்திலும் நிரம்பியிருந்தது. திரும்பும் முன் பின்னால் பார்க்காதது. கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, மற்ற எதிலும் புள்ளி வாங்காதவள், அவள் பக்கத்திலும் அதில் ஐந்து.

முப்பது பேருக்கும் ஒரே வியாதி என்றால் வைத்தியனைத்தான் பார்க்க வேண்டும். லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்தில் காலை ஆறு மணிக்கு எட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டில் பின்னால் வர யார் இருக்கிறார்கள்? நாய்தான் வரும். காலை ஊன்றாதே, எதிரே பார், ஆஃப் கிளட்சில் விடு என்று இத்தனை வருடமும் டெஸ்டைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேனே ஒழிய ரோட்டைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சில்வர் பீச் பையனும் என்னிடம் நாலே நாளில் எட்டுப் போட்டவன். "இனிமே உனக்கு பயமில்லடா" என்று முதுகில் தட்டியது நான்தான். அதன் ஐந்தாம் நாள் அவன் சாவியை எடுத்தான்.

இப்போது எட்டுக்கு மூன்று நாள்தான். மற்ற நாளெல்லாம் ரோடு. பைக் பிள்ளைகளுக்கு நானே பின் சீட்டில் உட்காருகிறேன். பிரேக் கிடையாது, தோளைத் தட்டத்தான் முடியும்.

அந்தப் பையன் வேறு பள்ளிக்குப் போகவில்லை. அவன் பக்கத்தில் ஒன்பது புள்ளி சேர்ந்து, இரண்டு வகுப்பு கூடுதலாக வந்து, எல்.எல்.ஆர். எடுத்து மூன்றாவது மாதம்தான் டெஸ்டுக்குப் போனான். முதல் தடவையே பாஸ். சாக்லேட் கொடுத்துவிட்டு நோட்டைக் காட்டிக் கேட்டான்.

"சார், இது எப்ப அழியும்?"

பிரான்ஸில் மூன்று வருடம் தப்பில்லாமல் ஓட்டினால் எல்லாப் புள்ளியும் திரும்பக் கிடைக்கும், இங்கிலாந்தில் சாதாரணத் தப்பு நாலு வருடம் லைசென்ஸில் நிற்கும் என்று சொன்னேன்.

"அது இல்ல சார். உங்க நோட்டுல?"

அதை நான் யோசிக்கவே இல்லை. ஏற்றுவதற்கு விதி எழுதினேன், இறக்குவதற்கு எழுதவில்லை. போதாததற்கு எல்லாவற்றையும் பால்பாயின்ட் பேனாவில் போட்டிருக்கிறேன். "இப்போதைக்கு இருக்கட்டும்டா" என்று சமாளித்தேன்.

மறுநாள் காந்தி வீதியில் ஒரு கடையில் இரண்டு பென்சிலும் ஒரு ரப்பரும் வாங்கி காரின் டேஷ்போர்டில் போட்டேன். தப்பில்லாத ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு புள்ளி அழியும் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது, பின் சீட்டில் முறைக்குக் காத்திருந்த பெண் ரப்பரை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அன்றைக்கு இரண்டு தடவை அவள் பின்னால் பார்க்கவில்லை.