விட்டுப்போன ஒரு பைட்: 8085 கிட்டில் மூன்று ஞாயிறுகள்

பழங்காநத்தம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த 8085 கிட் இது, மைக்ரோபிராசசர் சிப்புக்கு நேரடியாக எண்களை அடித்துப் பழகும் பயிற்சிப் பலகை. டவுன்ஹால் ரோட்டில் வாங்கி வந்த இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றியதும் பவர் சப்ளை சரியாக 5 வோல்ட் தந்தது. 8085 என்பது இன்டெல் 1976-ல் கொண்டுவந்த சிப், 40 கால்கள். ஒரு கீபேடு, சிவப்பு எழுத்தில் ஆறு இலக்க டிஸ்ப்ளே, வேறெதுவும் கிடையாது.

முதல் ஞாயிறு 5-ஐயும் 7-ஐயும் கூட்டி 4500 என்ற நினைவக முகவரியில் வைக்கப் பார்த்தேன். கட்டளைகளைச் சுருக்கச் சொற்களில் சொல்லும் அசெம்பிளி வரிகளை நோட்டில் எழுதி, ஆப்கோட் (கட்டளைக்குரிய எண்) அட்டவணையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். அசெம்ப்ளர் என்ற மென்பொருள் செய்கிற வேலை இதுதான். கிட்டில் அடிக்கும் எண்கள் பதினாறடி முறையில், 9-க்குப் பின் 10 முதல் 15 வரை ஏ முதல் எஃப். கீழே தனியாக வரும் ஏ, பி இரண்டும் சிப்புக்குள் எண்ணை வைக்கும் இடங்கள்.

3ஈ 05 – ஏ-யில் 5 வை
06 07 – பி-யில் 7 வை
80 – பி-யை ஏ-யோடு கூட்டு
32 00 45 – ஏ-யில் உள்ளதை 4500-ல் போடு
76 – நில்

முகவரியை முதலில் 45 00 என்றே அடித்துவிட்டேன். 8085-ல் முகவரியின் பின்பாதி பைட் (இரண்டு இலக்கம்) முன்னால் வர வேண்டும். விடை 0045-க்குப் போனது. அங்கே இருப்பது படிக்க மட்டுமே முடிகிற ரோம் நினைவகம், எழுதினால் ஒட்டாது. திருத்தியதும் 0சி, அதாவது 12 வந்தது. சரி என்று அன்றைக்கு எழுந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி அடித்தபோது விடை தப்பாக வந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: 3ஈ-க்குப் பின் வர வேண்டிய 05-ஐ விட்டிருக்கிறேன். சிப் அதற்காக நிற்கவில்லை. அடுத்திருந்த 06-ஐ எண்ணாக எடுத்து ஏ-யில் வைத்துக்கொண்டது. அப்புறம் வந்த 07-ஐக் கட்டளையாகப் படித்தது. 07 என்றால் ஏ-யின் பிட்களை (0, 1 இலக்கங்களை) ஓரிடம் இடப்பக்கம் சுழற்று என்று பொருள். 6 இரட்டித்து 12 ஆனது! அதோடு பி-யில் ஏற்கெனவே கிடந்ததும் கூடியதால்தான் விடை மாறியது. பி-யில் 00 கிடந்திருந்தால் அதே 0சி வந்திருக்கும், தப்பு நடந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. 07 எண்ணா கட்டளையா என்பதை அந்த பைட் சொல்வதில்லை, சிப் எந்த இடத்தில் நின்று படிக்கிறது என்பதே சொல்கிறது. பாடத்தில் படித்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் புரிந்தது.

மாடி வீட்டுத் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். “அண்ணே, இதுக்கு போன்லயே சிமுலேட்டர் இருக்குல்ல?” என்றான். இருக்கிறது. ஆனால் அதில் வரியை எழுத்தாக அடிக்கிறோம். 5-ஐ விட்டால் உடனே பிழை என்று காட்டியிருக்கும், இதைப் பார்த்திருக்க முடியாது.

மூன்றாம் ஞாயிறு அட்டவணையோடு மட்டும் உட்கார்ந்தேன். நகல் எடுக்கும் கட்டளைகள் எல்லாமே இருமத்தில் 01 என்று தொடங்குகின்றன. அடுத்த மூன்று பிட் எங்கே வைக்க, கடைசி மூன்று எங்கிருந்து எடுக்க. ஏ என்றால் 111, பி என்றால் 000. பி-யிலிருந்து ஏ-க்கு 01 111 000, அதாவது 78. நினைவகத்துக்கு 110. அப்படியானால் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு 01 110 110, அதாவது 76. அது நம் ‘நில்’! பயனில்லாத அந்த இடத்தில் நிறுத்தும் கட்டளையை வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர்களை நினைத்து வெகுநேரம் மகிழ்ந்தேன்.

இனி ஒரு எல்இடியை மினுக்க வேண்டும். துடிப்பைத் தரும் கிரிஸ்டலில் 6.144 என்றிருக்கிறது, சிப் அதைப் பாதியாக்கி 3.072 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. மினுக்கலுக்கு நடுவே சிப்பைக் காக்க வைக்க, எண்ணியில் ஒன்றைக் குறைத்துத் திரும்பத் தாவும் சுற்றுக்கு 14 துடிப்பு. 8 பிட் எண்ணி தாங்கும் 256 சுற்றையும் ஓட்டினாலும் 1.2 மில்லிவினாடிகூட ஆகவில்லை. 16 பிட் எண்ணியை எடுக்க வேண்டும், அதன் கணக்கு நோட்டில் பாதியில் நிற்கிறது.