வீட்டுக்குப் போகணும்

சிங்கப்பூரில் மனநல வார்டுத் தாதியருக்கு நான் நடத்திய பயிற்சி வகுப்பில் அந்த நடிப்புப் பேச்சு அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஒரு தாதி நோயாளியாக நடித்தார், இன்னொருவர் தாதியாகவே.

"மிஸ்ஸி, நான் வீட்டுக்குப் போகணும்."

"அதை டாக்டர்தான் சொல்லணும் அங்கிள். முதல்ல மருந்தைப் போட்டுக்குங்க."

அங்கே நிறுத்தினேன். நிறுத்தியது சரிதானா என்று இன்னும் உறுத்துகிறது. அவர் சொன்னதில் பொய் இல்லையே. இங்குள்ள 2008ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி ஒருவரை முதலில் 72 மணி நேரம், பிறகு ஒரு மாதம், அதன்பின் ஆறு மாதம்வரை மருத்துவமனையில் வைத்திருக்கலாம். கையெழுத்து மருத்துவருடையது. தாதி என்ன வாக்குக் கொடுப்பார்?

நான் காட்டிய வழி இது. மருந்து வண்டியை ஓரமாக விட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். "வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடி வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலான தாதியர் மூன்றாவது விநாடியில் தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். "புளோக்குக் கீழ காப்பிக்கடையில ஒரு தே ஓ" (பாலில்லாத தேநீர்) என்று நோயாளி சொன்னால், பராமரிப்புத் திட்டத்தில் அதே வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அதன் கீழே இந்த வாரத்துக்கு ஒரே ஒரு படி: மருத்துவர் அனுமதித்தால் வளாகக் கடைவரை நடை, எந்த நாள், துணைக்கு யார்.

கெடுவதும் அந்தத் தாளில்தான். "மருந்தை ஒழுங்காக உட்கொள்வது" என்று எழுதி நோயாளியின் இலக்கு என்பார்கள். அது நம் இலக்கு. பணி முடிந்து அடுத்த தாதியிடம் ஒப்படைக்கும்போது "ஒத்துழைக்கவில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு விஷயம் செத்துவிடும். "இரவு மாத்திரை போட்டால் காலையில் எழ முடியவில்லை என்கிறார்" என்று சொன்னால், வேளையை மாற்றலாமா என்று அடுத்தவர் மருத்துவரிடம் கேட்க முடியும்.

ஆங்கிலத்தில் recovery என்பதைக் கையேட்டில் "மீட்சி" என்று போடுகிறோம். எந்த நோயாளி அப்படிப் பேசுகிறார்? "குணமாயிடுச்சா" என்பது நோய் போய்விட்டதா என்ற கேள்வி. "தேறி வர்றேன்" என்பதுதான் பக்கத்தில் வருகிறது. காதில் குரல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஒருவர் தேறி வரலாம்.

நோயாளியாக நடித்தவர் என் கேள்விக்கும் பதில் சொன்னார், தே ஓ உட்பட. பிறகு கேட்டார்: "சரி மிஸ்ஸி, அப்ப என்னை எப்ப விடுவீங்க?"

வகுப்பே சிரித்தது. அதற்கு நாணயமான பதில், நான் நிறுத்திய அதே வாக்கியம்தான். "முதல்ல மருந்து" என்று ஒட்டியதை மட்டும் வெட்டச் சொல்லியிருக்கலாமோ? வெட்டினாலும் வண்டி அங்கேயேதான் நிற்கும், பாதி வார்டு பாக்கியோடு.