கணவரின் 401(கே) கணக்கு மனைவியாகிய என்னிடம் வந்த விதம்

அமெரிக்காவில் வாழ்ந்த என் கணவர் இறந்தபோது அவருடைய ஓய்வுகாலச் சேமிப்பு இரண்டு கணக்குகளில் இருந்தது. பெரும்பகுதி அவர் வேலை பார்த்த நிறுவனம் ஊழியர்களுக்காக நடத்தும் 401(கே) சேமிப்புத் திட்டத்திலும், மீதி அவர் தனியாகத் தொடங்கியிருந்த ஐஆர்ஏ எனும் தனிநபர் ஓய்வுகாலக் கணக்கிலும் இருந்தன. இரண்டையும் எங்கள் திருமணத்துக்கு முன்பே தொடங்கி, பயனாளியாகத் தம் தாயாரின் பெயரை எழுதியவர், பிறகு அதை மாற்றவில்லை.

401(கே) கணக்கைப் பராமரிக்கும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, பதிவில் இருப்பது மாமியாரின் பெயர் என்பதால் அவர்தாம் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பதிலை ஏற்காமல், திட்டத்தின் விதிச் சுருக்கத்தை அனுப்புமாறு கடிதம் எழுதினேன். எழுத்து மூலம் கேட்டால் 30 நாட்களுக்குள் அதை அவர்கள் தந்தாக வேண்டும். வந்த விதிச் சுருக்கத்தில் தெளிவாக இருந்தது: மணமான உறுப்பினர் இறந்தால், படிவத்தில் யார் பெயர் இருந்தாலும், கணக்கு வாழ்க்கைத் துணைக்கே சேரும். நோட்டரி அல்லது திட்டப் பிரதிநிதியின் முன்னிலையில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துத் துணைவர் கையொப்பமிட்டிருந்தால் மட்டுமே அது வேறொருவருக்குப் போகும். நிறுவனங்களின் ஓய்வுகாலத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் 1974-ஆம் ஆண்டின் எரிசா சட்டத்தில் 1984-இல் செய்த திருத்தங்களே இந்தப் பாதுகாப்பை வலுவாக்கின. திருமணமாகி ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும் என்று சில திட்டங்கள் கேட்பதுண்டு. எங்களுக்கு அது தடையாக இல்லை. அந்த விதியைச் சுட்டிக்காட்டி, இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகலையும் தமிழ்நாட்டில் பதிவு செய்த திருமணச் சான்றிதழையும் அனுப்பிய பிறகு, உரிமை கோரும் படிவம் என் பெயருக்கே வந்தது.

ஐஆர்ஏ கணக்குக்கு அந்த விதி பொருந்தாது. கலிபோர்னியா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில், மண வாழ்வில் சேர்ந்த சொத்தில் துணைவருக்குப் பாதி உரிமை உண்டு. நாங்கள் வாழ்ந்த நியூ ஜெர்சியில் அந்த முறை இல்லை. ஆகவே அந்தப் பணம் மாமியாருக்குப் போயிற்று. மகனை இழந்தவரிடம் அதற்காக வழக்காடும் எண்ணம் எனக்கு ஒருபோதும் வரவில்லை.

என் பெயருக்கு வந்த பணத்தை எப்படிப் பெறுவது என்று முடிவு செய்வதுதான் இதில் நிதானம் தேவைப்பட்ட இடம். காசோலையாக வாங்கினால் கூட்டரசு வரிக்காக 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டே தருவார்கள். ஆலோசகர் ஒருவர் முழுவதையும் என் சொந்த ஐஆர்ஏ-வுக்கு மாற்றச் சொன்னார். ஆனால் 48 வயதான நான் அவ்வாறு செய்தால், 59½ வயதுக்கு முன் எடுக்கும் தொகைக்கு வருமான வரியோடு 10 விழுக்காடு கூடுதல் வரியும் கட்ட வேண்டியிருக்கும். வாரிசு ஐஆர்ஏ-வாக, அதாவது இறந்தவரிடமிருந்து வந்த கணக்காகவே வைத்திருந்தால் அந்த 10 விழுக்காடு கிடையாது. என் கணவர் உயிருடன் இருந்திருந்தால் 75 வயதை எட்டும் ஆண்டு வரை கட்டாயமாக எதையும் எடுக்க வேண்டியதுமில்லை. விரும்பும்போது சொந்தக் கணக்காகவும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுச் செலவுக்கு இந்தப் பணத்தையே நம்பியிருந்த எனக்கு ஆலோசகரின் அவசரம் பொருத்தமாகத் தோன்றவில்லை. வாரிசு கணக்கையே தேர்ந்தெடுத்து, பணத்தை நேரடியாக அதற்கு மாற்றச் சொன்னேன்.

அந்த ஆண்டில் அதிலிருந்து எடுத்த தொகைக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், எடுத்த தொகையை வரிக்காகத் தெரிவிக்கும் 1099-ஆர் படிவம் வந்தது. இறப்பின் காரணமாகப் பெற்ற தொகை என்பதைக் குறிக்கும் 4 என்ற குறியீடு அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தேன்.