நாற்பது விநாடிக் கம்ப்யூட்டர்

ஜூலை 12, 2025, சனி. செந்தூல், கோலாலம்பூர்

இன்று காலை கம்ப்யூட்டரில் புரோசசரைக் குளிர்விக்கும் கூலரை மாற்றினேன். ஏழு வருஷத்து ஐ5-8400 புரோசசர், அதோடு வந்த குட்டிக் கூலர், ஒரு மாதமாக ராத்திரியில் கரகரவென்று சத்தம். தூக்கமே இல்லை என்று அம்மா புலம்பியதால் லோ யாட் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய் 79 வெள்ளிக்கு நாலு செப்புக் குழாய் வைத்த உயரமான கூலர் ஒன்று வாங்கி வந்தேன்.

மாட்டிப் பட்டனை அழுத்தினால் காத்தாடி சுற்றியது, விண்டோஸ் வந்தது, பொட்டென்று அணைந்தது. 40 விநாடி. உடனே மறுபடி அழுத்தினால் 15 விநாடிதான்.

"ஓடிக்கிட்டு இருந்ததை ஏன்யா கழட்டுன?" அம்மா. பதில் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மெமரியை மாற்றி மாற்றிச் செருகினேன், பட்டன் வயரைக் கழற்றிப் பார்த்தேன், காத்தாடி வயர் சரியான இடத்தில்தான் இருக்கிறது. முந்தாநாள் சாயங்காலம் இடி வேறு பலமாக இடித்ததால் பவர் சப்ளை மேல் சந்தேகம். அதைத் தனியாகக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து அதை மட்டும் ஓடவிட்டேன். அதன் காத்தாடி அரை மணி நேரம் சுற்றியது. சுமை இல்லாமல் சுற்றுவதை வைத்து முழுசாக நம்பவும் முடியாது.

ஜூலை 14, திங்கள்

ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை, "பவர் சப்ளை போச்சு பாஸ், 250 வெள்ளி" என்றார்கள். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் போட்டேன். ஒரு நிமிஷம் 50 விநாடி! அணைந்ததும் உடனே போட்டால் 12. ஆறினால் அதிக நேரம், சூடாக இருந்தால் குறைச்சல். இதை முதல் நாளே எழுதி வைத்திருக்கிறேன், யோசிக்கத்தான் இல்லை.

சாயங்காலம் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையில், வெப்பநிலையைப் பார்த்தேன். உள்ளே நுழையும்போதே 74. பிறகு 83, 91, 97, இருட்டு. இந்தப் புரோசசருக்கு வரம்பு 100 டிகிரி, அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் கரண்டை வெட்டிவிடும்.

ஏர்கான் வேலை செய்யும் எதிர்வீட்டு அண்ணன் வந்திருந்தார். கூலரின் தகடுகளை விரலால் தொட்டார்.

"தம்பி, இது ஜில்லுனு இருக்கே. அப்ப சூடு எங்க போச்சு?"

போகவே இல்லை. 97 டிகிரியும் புரோசசரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 19, சனி

கூலரைக் கழற்றினேன். அடியில், சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிப் பரவியிருக்கிறது, மறுபக்கம் நான் வைத்த பொட்டு வைத்தபடியே உருண்டையாக நிற்கிறது. கூலரை மதர்போர்டோடு பிடித்து வைக்கும் நாலு பிளாஸ்டிக் பின்னில் ஒன்று போர்டுக்குள் இறங்கவில்லை. அதன் தலை அம்புக்குறிப் பக்கம் திரும்பிக் கிடந்தது, அது கழற்றுவதற்கான திசை. நானோ டக் என்று சத்தம் கேட்டதா என்று கவனிக்காமல் அமுக்கியிருக்கிறேன், பின்னின் வெள்ளைக் கால் வேறு மடங்கிப்போயிருந்தது.

இந்தத் தடவை போர்டையே வெளியே எடுத்தேன். மருந்துக்கடை ஆல்கஹாலால் பழைய பேஸ்டைத் துடைத்து, மடங்கிய பின்னின் காலை விரல் நகத்தால் நிமிர்த்தி, புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. மூலைக்கு மூலை எதிரெதிராக அமுக்கினேன். டக், டக், டக், டக். போர்டைத் திருப்பிப் பார்த்தால் நாலு துளையிலும் வெள்ளைக் கால் விரிந்து, நடுவில் கறுப்புக் குச்சி.

பயாஸில் 43. இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், 46-ஐத் தாண்டவில்லை. தகடும் இப்போது இளஞ்சூடு.

ராத்திரி பதினொன்றுக்கு அம்மா அறை வாசலில் வந்து நின்றார். கரகர சத்தம் அப்படியே வருகிறது. காதை வைத்துக் கேட்டேன். கேசிங்கின் பின்பக்கக் காத்தாடி.