வாஷிங் மெஷினில் ஒரு பாட்டு: மாட்மோஸ் வழியில் ஆறு வாரம்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, நாலு நிமிஷம் பத்து விநாடி ஓடும் ஒரு டிராக்கை எக்ஸ்போர்ட் செய்தேன். அதில் கேட்கும் ஒவ்வொரு சத்தமும் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் இருந்து எடுத்தது. தனியாக டிரம் இல்லை, கீபோர்டு இல்லை, குரல் இல்லை. ஆறு வாரம் ஆகியும் வேலை முழுசாக முடியவில்லை. ஆனாலும் என்ன செய்தேன், எங்கே தப்பு பண்ணினேன், என்ன கிடைத்தது என்று இப்போதே எழுதி வைக்கிறேன், இன்னும் ஒரு மாதம் போனால் பாதி மறந்துவிடும்.

யோசனை என்னுடையது இல்லை. மாட்மோஸ் என்ற இருவர் அடங்கிய அமெரிக்க இசைக்குழு, அதாவது ட்ரூ டேனியலும் எம்.சி. ஷ்மிட்டும், 2016-ல் 'அல்டிமேட் கேர் 2' என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். அது அவர்கள் பால்டிமோர் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த வேர்ல்பூல் வாஷிங் மெஷினின் மாடல் பெயர். மொத்த ஆல்பமும் 38 நிமிஷத்துக்கு ஒரே டிராக். குமிழைத் திருகும் சத்தத்தில் ஆரம்பித்து, வேலை முடிந்தது என்று மெஷின் அறிவிக்கும் சத்தத்தில் முடிகிறது. நடுவில் அதைத் தட்டுகிறார்கள், தேய்க்கிறார்கள், பறை மாதிரி அடிக்கிறார்கள், பதிவு செய்ததைக் கம்ப்யூட்டரில் வெட்டி இழுக்கிறார்கள். மெஷினைத் தவிர வேறு ஒன்றையும் தொடவில்லை. பிறகு ஒரு மெஷினை மேடையிலேயே ஏற்றி, தண்ணீர் விட்டு ஓட்டிக் கச்சேரியும் செய்தார்கள்.

நான் இவர்களிடம் வந்து சேர்ந்தது ப்யோர்க் வழியாக. ஐஸ்லாந்துப் பாடகி ப்யோர்க்கின் 2001 ஆல்பமான 'வெஸ்பர்டைன்' எனக்கு ரொம்ப நெருக்கமானது, அதில் சில பாட்டுகளின் தாளத்துக்குள் இவர்களின் கை இருக்கிறது. அந்த வருஷ மேடைக் கச்சேரிகளில் ஷ்மிட் ஒரு தட்டு நிறைய உப்புக் கல்லைக் கொட்டி அதன் மேல் நடப்பார், அதை மைக் பிடித்து அனுப்பினால் பனியில் ஒருவர் நடந்துபோவது போலக் கேட்கும். அந்த வீடியோவைப் பார்த்த அன்றே சமையலறையில் இருந்த கல் உப்பை எடுத்து ஒரு தாம்பாளத்தில் பரப்பி, செருப்பில்லாமல் ஏறி மிதித்துப் பார்த்தேன். ஈரமான சொதசொத சத்தம்தான் வந்தது. உப்பு காற்றில் இருந்த ஈரத்தை இழுத்து வைத்திருந்தது. வாணலியில் போட்டு ஐந்து நிமிஷம் வறுத்து ஆறவைத்து, ரப்பர் செருப்பு போட்டு மறுபடி மிதித்தேன். அப்போது வந்தது பாருங்கள், மொறுமொறு என்று, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக உடைகிற சத்தம்! போனை உப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டபோது, நான் வாழ்நாளில் பார்த்திராத பனி என் காலடியில் இருந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கியது அன்றைக்குத்தான் பைத்தியமாக மாறியது என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவர்களின் ஆல்பங்களை வரிசையாகக் கேட்க உட்கார்ந்தேன். இருவரும் இசையில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் துணைவர்கள். சான் பிரான்சிஸ்கோவில் இருந்தபோது 1997-ல் முதல் ஆல்பத்தைச் சொந்த லேபிளில் போட்டார்கள், 2007-ல் பால்டிமோருக்குக் குடிபோனார்கள். டேனியல் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். ஆல்பத்துக்கு ஆல்பம் ஒரு கட்டுப்பாட்டைத் தாங்களே போட்டுக்கொண்டு அதற்குள் நின்று வேலை செய்வதுதான் இவர்களின் வழி.

நான் அதிகம் கேட்டது 2001-ல் வந்த 'எ சான்ஸ் டு கட் இஸ் எ சான்ஸ் டு க்யூர்'. முதல் தடவை கேட்டபோது எனக்கு எதுவும் தெரியாது. காலை ஆட்ட வைக்கிற, துள்ளலான, சுத்தமான நடனத் தாளம். உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. அப்புறம்தான் படித்தேன், அது உடம்பிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷனின் சத்தம். இன்னொரு டிராக்கில் கண்ணுக்குச் செய்யும் லேசர் சிகிச்சை, இன்னொன்றில் மூக்கை மாற்றும் அறுவை, இன்னொன்றில் எலிக்கூண்டின் கம்பிகளை வயலின் போல வில்லால் இழுத்திருக்கிறார்கள். மறுபடி கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது, கால் மட்டும் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஒரே சத்தத்தை இரண்டு விதமாகக் கேட்கவைப்பது சாதாரண வேலை இல்லை. விஷயம் தெரிந்த பிறகும் பாட்டு பாட்டாகவே நிற்கிறது, அதனால்தான் இதை வெறும் வித்தை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 ஆல்பத்தில் ஒவ்வொரு டிராக்கும் ஒரு மனிதருக்கான காணிக்கை. நத்தை வளர்த்த எழுத்தாளர் பாட்ரிசியா ஹைஸ்மித்துக்கான டிராக்கில், வெளிச்சத்துக்கு ஏற்ப ஸ்வரம் மாறும் ஒரு கருவியின் மேல் லேசர் ஒளியை அடித்து, அந்த ஒளிக்குக் குறுக்கே நத்தைகளை ஊரவிட்டார்கள், நத்தை போகும் வேகத்தில் ஸ்வரம் ஏறி இறங்குகிறது. 2008-ல் 'சுப்ரீம் பலூன்', அதில் கட்டுப்பாடு தலைகீழ்: மைக்கே கூடாது, சிந்தசைசர் மட்டும். 2013-ல் டெலிபதி. ஆட்களைப் படுக்கவைத்து, பாதியாக வெட்டிய பிங்பாங் பந்தைக் கண்ணில் மூடி, காதில் இரைச்சலை ஓடவிட்டு, அடுத்த ஆல்பத்தின் கருவை டேனியல் மனசாலேயே அனுப்பப் பார்த்தார், அவர்கள் கண்டதாகச் சொன்ன விஷயங்களை வைத்துப் பாட்டு அமைத்தார்கள். இந்த ஆல்பம் மட்டும் என்னோடு அவ்வளவாக ஒட்டவில்லை. கதை பெரிதாக இருக்கிறது, கேட்கும் சத்தத்தில் அந்தக் கதை எனக்குத் தெரியவில்லை.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஃப்ரண்ட் லோடு. அவர்களுடையது மேல் பக்கம் திறக்கும் வகை, நடுவில் ஒரு தண்டு இப்படியும் அப்படியும் திருகித் துணியை அலசும், அதனால் அந்த ஆல்பத்தின் தாளமே முன்னும் பின்னும் போகிற தாளம். நம் மெஷினில் டிரம் படுத்தவாக்கில் சுற்றும், துணியை மேலே தூக்கிக் கீழே போடும். முதல் வாரம் போனை மெஷின் மேல் வைத்துப் பதிவு செய்தேன். குளியலறை எதிரொலியும் மின்விசிறியும்தான் வந்தன, மெஷின் எங்கோ தூரத்தில் இருந்தது.

இரண்டாம் வாரம் காண்டாக்ட் மைக் செய்தேன். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பீசோ தகடு என்று கேட்டால் கொடுப்பார்கள், பஸ்ஸருக்குள் இருக்கும் அதே வட்டமான பித்தளைத் தகடுதான், நடுவில் வெள்ளையாகப் பீங்கான் பூச்சு இருக்கும். இது காற்றில் வரும் சத்தத்தைக் கேட்காது, ஒட்டிய பொருளின் அதிர்வைத்தான் கேட்கும். பித்தளையில் ஒரு ஒயர், வெள்ளைப் பகுதியில் ஒரு ஒயர். வெள்ளையில் சால்டரிங் இரும்பை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்து வந்துவிடும், எனக்கு மூன்று தகடு அப்படிப் போனது. நாலாவது நின்றது. லேப்டாப் மைக் துளையில் நேராகச் செருகியபோது கொசு பாடுவது போல மெல்லிசாக ஒரு சத்தம், அடித்தொனியே இல்லை. பீசோவுக்கு சுமார் ஒரு மெகா ஓம் அளவு எதிர்ப்புள்ள உள்ளீடு வேண்டும். மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில், கிட்டார் செருகுவதற்கென்று ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கியதும் மெஷினின் வயிறே காதுக்குள் வந்துவிட்டது. செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: தகட்டை மெஷினின் வெளித் தகரத்தில் மட்டும் டேப் போட்டு ஒட்டுங்கள், பின்பக்கம் ஒயர்கள் இருக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம், கை காய்ந்திருக்கட்டும்.

மூன்றாம் வாரம் முழுக்க ஒரு தப்பில் போனது. எல்லாப் பதிவிலும் அடியில் ஒரு ரீங்காரம் இருந்தது, அதை மெஷினின் ஸ்ருதி என்று நம்பி அதன் மேல் ஒரு நிமிஷ டிராக்கையே கட்டிவிட்டேன். ஒரு நாள் மெஷின் நின்ற பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது, ரீங்காரமும் ஓடிக்கொண்டிருந்தது. என் ஒயர் வீட்டுக் கரண்ட்டை ஆண்டெனா மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறது! கவசம் உள்ள கேபிளுக்கு மாறினேன், தகட்டின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி அதைக் கேபிளின் கவசத்தோடு இணைத்தேன், அடங்கியது. கட்டியிருந்த ஒரு நிமிஷத்தையும் அழித்தேன். மெஷினில் இருந்து வராத சத்தம் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதானே மொத்த விளையாட்டும்.

நாலாம் வாரம்தான் பொக்கிஷம். சுத்தமான கேபிளோடு பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடவிட்டிருந்தேன். அப்பா ரொம்ப வருஷமாக வயலின் வாசிப்பவர், ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீரை வெளியேற்றும் பம்ப் ஓடத் தொடங்கியதும் தலையை நிமிர்த்தாமலேயே, "இது அஞ்சு கட்டைடா, கொஞ்சம் ஏறி இருக்கு" என்றார். கட்டை என்பது ஸ்ருதியின் அளவு. கம்ப்யூட்டரில் அளந்தேன், 100 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 100 அதிர்வு. ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயி 98, அப்பா சொன்னது போலவே கொஞ்சம் ஏற்றம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பம்ப் அதன் இரண்டு மடங்கில் அதிரும். முன்பு ஏமாந்தது போல ஆகிவிடக்கூடாது என்று போன் மைக்கிலும் பதிவு செய்து சரிபார்த்தேன், பம்ப் நின்றால் இதுவும் நிற்கிறது, நிஜம்தான். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இதே பம்ப் அங்கே ஓடினால் 120-ல் பாடும், அது ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் எந்தக் கட்டையிலும் உட்காராத இடம்.

அடுத்தது ஸ்பின். எங்கள் மெஷின் கடைசியில் நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்குப் பதினாறே முக்கால் தடவைக்குக் கொஞ்சம் குறைவு. காதுக்கு ஸ்வரமாகக் கேட்க சுமார் 20 வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் வெறும் தடதட. அந்தப் பதிவை நாலு மடங்கு வேகத்தில், அதாவது இரண்டு ஸ்தாயி ஏற்றி ஓட்டினேன். 67-க்குப் பக்கத்தில் ஒரு ஸ்வரம் நின்றது. அதன் கூடவே பம்ப்பின் 100-ஐச் சேர்த்தேன். இரண்டுக்கு மூன்று. ச, ப. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், உள்ளே போய் வயலினை எடுத்து வந்து அந்த ஸ்ருதிக்குக் கம்பியைத் திருகிச் சேர்த்தார். தினமும் துணி பிழியும்போது பம்ப்பும் டிரம்மும் சேர்ந்தேதான் ஓடுகின்றன, ஆக ஷட்ஜமம் பஞ்சமம் எப்போதுமே அங்கே இருந்திருக்கிறது, ஷட்ஜமம் மட்டும் நம் காதுக்குக் கீழே. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாளம் அதற்கப்புறம் சுலபமாக வந்தது. துவைக்கும்போது டிரம் நிமிஷத்துக்குச் சுமார் 50 சுற்று, உள்ளே துணியைத் தூக்கிப்போட மூன்று துடுப்பு. ஈரமான ஜீன்ஸ் ஒன்றை மட்டும் போட்டால் சுற்றுக்கு ஒரு 'தொப்'. துணி நிறைய போட்டால் துடுப்புக்கு ஒன்றாக மூன்று, அப்பட்டமான திஸ்ரம், தகிட தகிட. கதவைத் தாழிடும் 'டக்'கை முதல் அடியில் வைத்தேன், சோப்பு டிராயரை இழுக்கும் கரகரப்பை வெட்டி இடையில் நிரப்பினேன். வேகம் மாற்றலாம், வெட்டலாம், அடுக்கலாம், எதிரொலி எஃபெக்ட் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்தேன், எதிரொலி வேண்டிய இடத்தில் டிரம்முக்குள் போனை வைத்துக் கதவை மூடி வெளியிலிருந்து தட்டிப் பதிவு செய்தேன்.

மாட்மோஸ் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2019-ல் தாங்கள் சேர்ந்து 25 வருஷம் ஆனதற்கு, போலீஸ் கலவரக் கேடயம் முதல் மார்பில் பொருத்தும் சிலிகோன் பை வரை பிளாஸ்டிக் பொருள்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம். 2020-ல் 99 பேர் அனுப்பிய ஒலிகளை வைத்து மூன்று மணி நேரம், எல்லாருக்கும் ஒரே நிபந்தனை, நிமிஷத்துக்கு 99 அடி. 2023-ல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற அமெரிக்க லேபிளின் பழைய ஒலித்தட்டுகளில் இருந்த தவளை, பூச்சி, யந்திரச் சத்தங்கள். 2025-ல் உலோகம் மட்டும். இந்தக் கடைசி ஆல்பத்தை இன்னும் முழுசாகக் கேட்கவில்லை, என் டிராக் முடிகிற வரை வேண்டாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன், கேட்டால் உடனே எவர்சில்வர் பாத்திரங்களை இறக்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் கடைசி பீப்பைப் பதிவு செய்தேன். ஐந்து தடவை அடிக்கும். இத்தனை நாளும் ஸ்பின் முடிந்ததும் டேப்பை உரித்துவிடுவேன், அதனால் அது மட்டும் என்னிடம் இல்லை. நேற்று டிராக் முழுவதையும் ஸ்பீக்கரில் ஓடவிட்டபோது கடைசி பீப் வந்ததும் அம்மா பின்கட்டிலிருந்து, "ஆயிடுச்சு போலிருக்கு, துணிய எடுத்து உதறிப் போடு" என்றார். அம்மா சொன்னதையும் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், டிராக்கில் சேர்க்க முடியாது, விதி விதிதான்.

இப்போது இரண்டாவது நிமிஷத்தில் பம்ப் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அதை இறக்க வேண்டும். ரின்ஸ் தண்ணீர் நிரம்பும் இடம் இன்னும் ஒரே சீராக இரைகிறது, உயிர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போர்வையைப் போட்டு ஓட்டி, தண்ணீர் துணியில் விழும் சத்தத்தை மறுபடி எடுக்கப் போகிறேன்.